கேள்வி – பதில்: ஐபாட் நானோவின் நிறமும் சக்கரமும்

சென்ற இதழில், என் மேசை இழுப்பறையில் இருக்கும் ஆப்பிள் நிறுவனத்தின் பழைய பாட்டுக் கருவிகளான ஐபாட் மினி, நானோ பிளேயர்களைப் பற்றி ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் நிறைய. எனவே இந்த இதழில் கேள்விகள் எல்லாம் அவற்றைப் பற்றியவையே.

நானோவுக்கு முன்பே வண்ண ஐபாட் இருந்ததா?
– வாசகி, மதுரை

இருந்தது. அதன் பெயர் ஐபாட் மினி. 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடுக்கு வெள்ளை முகம், பளபளக்கும் எஃகு முதுகு. வேறு நிறமே கிடையாது. 2004 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மினியை அறிமுகப்படுத்தியபோது வெள்ளி, தங்கம், நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று ஐந்து நிறங்கள் மேடையேறின. கொள்ளளவு 4 ஜிபி, விலை 249 டாலர். இன்னும் 50 டாலர் போட்டால் 15 ஜிபி பெரிய ஐபாடே கிடைக்கும் என்பதால், இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஆனால் அமெரிக்காவிலேயே சரக்கு போதாமல், மற்ற நாடுகளுக்கான விற்பனை ஏப்ரலில் இருந்து ஜூலைக்குத் தள்ளிப்போனது. கையடக்கமான ஒரு பொருளை மக்கள் ஜிபி கணக்குப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்த இரண்டாவது மினியில் தங்க நிறத்தை நீக்கிவிட்டு, வெள்ளி தவிர மற்ற மூன்று வண்ணங்களையும் அடர்த்தியாக்கினார்கள். 8 மணி நேரம் நின்ற பேட்டரி 18 மணி நேரத்துக்கு ஏறியது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன வேலை: முதல் மினியில் சக்கரத்தின் (விரலால் வட்டமிட்டும் அழுத்தியும் கருவியை இயக்கும் வட்டப் பகுதியின்) மேல் சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்துகளும் குறிகளும் இதில் உடலின் நிறத்துக்கே மாறின. பச்சை மினி என்றால் எழுத்தும் பச்சை. ஒரு பொருளை உண்மையாக நேசித்துச் செய்பவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும்.

அப்பாவின் பச்சை நானோ கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருக்கிறது. ஆனால் நிறம் உரியவே இல்லை. என்ன பெயின்ட் அது?
– கல்லூரி மாணவி, கோவை

பெயின்டே இல்லை. அலுமினிய ஜன்னல் செய்பவர்கள் 'அனோடைசிங்' என்று சொல்வார்களே, அந்த வேலைதான். அலுமினியத்தை அமிலக் குளியலில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஒன்று வளரும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த படலம் அது. அந்தத் துளைகளுக்குள் சாயத்தை ஊறவிட்டு, பிறகு கொதிநீரில் மூழ்கவைத்தால் துளைகள் மூடிக்கொள்ளும். சாயம் படலத்துக்குள்ளேயே தங்கிவிடும். படலம் உலோகத்தில் இருந்தே வளர்ந்தது என்பதால் பெயின்ட் போலச் செதில் செதிலாக உரியாது. ஆழமாகக் கீறினால் மட்டும் வெள்ளை உலோகம் தெரியும், ஏனென்றால் படலத்தின் கனம் மிகக் குறைவு.

அந்த நசுங்கலைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம். வளைக்கும்போது படலத்தில் வெடிப்பு விழும்.

ஒவ்வொரு நானோவிலும் என்ன மாறியது? வரிசையாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

2005 செப்டம்பரில் ஜாப்ஸ் தன் ஜீன்ஸின் சில்லறைப் பைக்குள் இருந்து முதல் நானோவை எடுத்துக் காட்டினார். நன்றாக விற்றுக்கொண்டிருந்த மினியை அன்றே நிறுத்தியும்விட்டார்கள். மினிக்குள் சுழலும் ஹார்டு டிஸ்க். நானோவுக்குள் அசையும் பாகமே இல்லாத ஃபிளாஷ் நினைவகம். அதனால் எடை 102 கிராமில் இருந்து 42 கிராமுக்கு இறங்கியது, கனம் 6.9 மில்லிமீட்டர். திரை வண்ணத் திரையாயிற்று. ஆனால் உடலின் வண்ணங்கள் போய்விட்டன. கறுப்பும் வெள்ளையும்தான். முகப்பு பிளாஸ்டிக் என்பதால் கீறல் விழுகிறது என்ற புகார் சில வாரங்களிலேயே கிளம்பியது.

2006இல் அலுமினிய உடல் திரும்பியது, நிறங்களும் திரும்பின. ஆனால் 2 ஜிபி வாங்கினால் வெள்ளி மட்டுமே. நீலம், பச்சை, இளஞ்சிவப்பு வேண்டும் என்றால் 4 ஜிபி. கறுப்பு வேண்டும் என்றால் விலை கூடிய 8 ஜிபிதான் வாங்க வேண்டும். பணத்துக்குத் தகுந்த நிறம் என்ற இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த அக்டோபரில் வந்த சிவப்பு நானோவை மட்டும் மனதார மெச்சுவேன். ஒவ்வொன்றின் விற்பனையிலும் 10 டாலர், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸை எதிர்த்துப் போராடும் உலக நிதியத்துக்குப் போனது.

2007இல் படம் பார்க்க வேண்டும் என்பதற்காகக் குட்டையாக, அகலமாகச் செய்தார்கள். மங்கிய நிறங்கள், எஃகு முதுகு. அதைக் கடந்துவிடலாம்.

2008 செப்டம்பர்தான் நானோவின் பொற்காலம். உயரமான உருவம் திரும்பி வந்தது. உடல் நீள்வட்டமாக வளைந்தது, திரையின் கண்ணாடியும் அந்த வளைவோடு சேர்ந்து வளைந்தது. ஒன்பது நிறங்கள்: வெள்ளி, கறுப்பு, ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இளஞ்சிவப்பு. 8 ஜிபி வாங்கினாலும் 16 ஜிபி வாங்கினாலும் ஒன்பதும் உண்டு. அசைவை உணரும் கருவி உள்ளே வந்ததால், குலுக்கினால் வேறு பாட்டுக்குத் தாவும்.

2009இல் அதே உருவத்துக்கு மெருகேற்றி, வீடியோ கேமரா, எஃப்எம் ரேடியோ, நடையை எண்ணும் வசதி, ஒரு ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்தார்கள். கேமராவின் கண்ணை முதுகின் அடிப்பக்கத்தில் வைத்தார்கள். இயல்பாகப் பிடித்தால் நம் விரல் அதை மறைத்துவிடும். புகைப்படமும் எடுக்க வராது, வீடியோ மட்டுமே. ரேடியோ நன்றாக வேலை செய்தது. இயர்போன் கம்பிதான் ஏரியல்.

2010இல் சக்கரமே போய்விட்டது. தொடுதிரை கொண்ட சிறு சதுரம், 21 கிராம். 2012இல் மறுபடியும் நீண்டு, 2.5 அங்குலத் திரையும் புளூடூத்தும் பெற்றது. அதுவே கடைசி உருவம். 2015இல் நிறங்களை மட்டும் மாற்றினார்கள். 2017 ஜூலையில் விற்பனையையே நிறுத்தினார்கள்.

சக்கரம் போனால் என்ன? தொடுதிரை வசதியானதுதானே?
– வாசகர், திருநெல்வேலி

பாட்டுக் கேட்கும் கருவிக்கு வசதியானது இல்லை என்பதே என் உறுதியான கருத்து. 2008இன் நானோவைக் கால்சட்டைப் பையில் போட்டுப் பாருங்கள். இயர்போன் துளை அடியில் இருப்பதால், கம்பி வெளியே வரவேண்டி, கருவி பைக்குள் தலைகீழாகத்தான் கிடக்கும். எனவே கையை விட்டதும் விரலுக்கு முதலில் தட்டுப்படுவது சக்கரம். அதன் அடிப்பகுதியில் இருக்கும் 'நிறுத்து' பொத்தான் இப்போது மேலே இருக்கும். யாராவது கூப்பிட்டால் ஒரே அழுத்து, பாட்டு நின்றுவிடும். ஒலியைக் குறைக்கக் கட்டைவிரலால் ஒரு வட்டம் போட்டால் போதும். நடந்துகொண்டே, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே, கண்ணை எங்கும் எடுக்காமல் இதையெல்லாம் செய்யலாம். பார்வை குறைந்தவர்களுக்காகப் பட்டியலை வாசித்துச் சொல்லும் வசதியையும் அந்த நானோவில் தந்திருந்தார்கள்.

சதுர நானோவின் உடலில் இருந்தவை ஒலிக்கான பொத்தான்களும் திரையை அணைக்கும் பொத்தானும் மட்டுமே. வாங்கியபோது இருந்த மென்பொருளில், பாட்டை நிறுத்த வேண்டும் என்றால் வெளியே எடுத்து, திரையை எழுப்பி, கண்ணால் பார்த்துத்தான் தொட வேண்டும். ரிமோட் உள்ள இயர்போனைத் தனியாக வாங்கினால் தப்பிக்கலாம். அடுத்த உருவத்தில் ஒலிப் பொத்தான்களின் நடுவே நிறுத்துவதற்கும் ஒரு பொத்தான் வைத்தார்கள். அந்தக் குறையைச் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சதுர நானோவைக் கைக்கடிகாரமாகக் கட்டினார்களாமே?
– வாசகர், சென்னை

ஆமாம். ஸ்காட் வில்சன் என்ற வடிவமைப்பாளர் அதற்குப் பட்டை செய்ய, 2010 இறுதியில் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 15,000 டாலர் கேட்டார். 9 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மறு ஆண்டு ஆப்பிளே அந்த நானோவுக்குப் புதிய கடிகார முகப்புகளைத் தந்தது.

முதல் நானோ ஒன்று வீட்டில் கிடக்கிறது. சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற முதல் நானோக்களில் சிலவற்றின் பேட்டரி சூடேறும் அபாயம் உண்டு என்று ஆப்பிளே 2011இல் அறிவித்து மாற்றித் தந்தது. முதுகு சற்றே உப்பியிருந்தாலும் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மினியைப் பழுது பார்க்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

தாராளமாக. மேலும் கீழும் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள் பசையால் ஒட்டியவை. ஹேர் டிரையரால் இதமாகச் சூடுகாட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் எடுங்கள். மேலே இரண்டு திருகாணிகள். அடியில் ஓர் உலோகத் தகடு, அதன் பின்னால் சக்கரத்தின் மெல்லிய பட்டைக் கம்பி. அதைக் கழற்றாமல் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையை இழுத்தால் அறுந்துவிடும், சக்கரம் செத்துவிடும். கழற்றிய பின் அடியில் இருந்து தள்ளினால் பலகை மேல்வழியாக வரும். உள்ளே இருக்கும் சிறு ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு, பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டின் இணைப்பேதான். டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்தக் கார்டைச் செருகி, கணினியில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் மூலம் 'ரீஸ்டோர்' கொடுங்கள். மினியின் பேட்டரி பிளக்கில் செருகியது, சால்டரிங் வேலை கிடையாது. புதியது ஒன்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.