டப்பாவில் போட்டிருக்கிற லிட்டரை நம்பலாமா? மரைன் டேங்க் ஸ்கிம்மர் கேள்வி-பதில்

கேள்வி (சரவணம்பட்டி, கோவை): மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல மரைன் டேங்க் (கடல் மீனுக்கான உப்புத் தண்ணித் தொட்டி) அடிச்சு வெச்சிருக்கேனுங்க. கீழே சம்ப் (டேங்க் தண்ணி இறங்கி, பம்ப் வழியா மேலே திரும்புற சின்னத் தொட்டி) உண்டு. ரெண்டு க்ளௌன் மீன், ஒரு ப்ளூ டாங் மீன் விட ஆசை. கடையில '200 லிட்டர் வரை'ன்னு போட்ட புரோட்டீன் ஸ்கிம்மரைக் காட்டுறாங்க. போதுமா?

பதில்: புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது காற்றுக் குமிழியால் தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி, கழுத்து என்கிற குழாய் வழியே மேலே உள்ள கப்பில் சேர்க்கும் கருவி. அதன் அளவைப் பார்க்க, முதலில் தண்ணீரைக் கணக்குப் போடுங்கள். மூன்று அளவையும் பெருக்கினால் 6.75 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 191 லிட்டர். மேலே விடும் இடைவெளி, லைவ் ராக் (கடல் பாறைத் துண்டுகள்), மணல் எல்லாம் போக டேங்கில் நிற்பது 150 லிட்டர் சொச்சம். சம்ப்பில் ஒரு 40 லிட்டர் என்றால் மொத்தம் 190. அப்படிப் பார்த்தால் 200 போதும் போலத்தான் தெரியும். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற எண் பெரும்பாலும் மீன் குறைவாக இருக்கும் தொட்டிக்கானது. பல கம்பெனிகள் மீன் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று எண்களைத் தருகின்றன. அந்தப் பட்டியலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடுத்தரம் என்ற இடத்தில் 200 முதல் 250 லிட்டர் வரை போட்டிருந்தால் அதுதான் உங்களுக்கான ஸ்கிம்மர்.

'பெருசா வாங்கிட்டா நல்லது' என்று 500 லிட்டருக்கானதைத் தூக்கி வராதீர்கள். அழுக்கு போதாமல் போனால் அகலமான கழுத்தில் நுரை நிலைக்காது. கப் வரை ஏறாமல் பாதியில் உடைந்து திரும்பத் தொட்டிக்கே இறங்கிவிடும்.

இது வேலை செய்யும் விதம் கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கொப்பரையில் கரும்புப் பாலின் அழுக்கு மேலே திரண்டு வர, அதை வழித்தெடுப்பார்கள் அல்லவா? இங்கே நெருப்புக்குப் பதில் பொடிப்பொடியான காற்றுக் குமிழிகள். மீன் கழிவு, மிச்சத் தீனி இவற்றிலிருந்து தண்ணீரில் கரையும் பொருட்கள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நுரையாகிக் கழுத்தில் ஏறி, கப்பில் விழும். அவை அழுகி அம்மோனியாவாக, பிறகு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே வெளியேறுவதுதான் நமக்கு லாபம். ஏற்கனவே தண்ணீரில் சேர்ந்துவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் எடுக்காது. அதனால் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தாதீர்கள்.

கடைக்குப் போகும்போது அளவு டேப் எடுத்துப் போங்கள். சம்ப்பின் நீளம், அகலம் மட்டும் போதாது. ஸ்டாண்டின் உள் உயரமும் வேண்டும். கப்பைக் கழற்ற மேல்நோக்கித்தான் தூக்க வேண்டும். மேலே ஒரு சாண் இடம் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஸ்கிம்மரையே வெளியே எடுக்க வேண்டிவரும். அப்புறம் யாருமே ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள்.

டாங் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. வளர்ந்தால் ஒரு சாண் தாண்டும், ஓயாமல் நீந்துகிற மீன். மூன்று அடியில் அதை அடைப்பது பாவம்.

கேள்வி (கரூர்): ஸ்கிம்மர் மாட்டிப் பத்து நாளாச்சுங்க. ஒரு நாள் பொங்கி வழியுது, ஒரு நாள் நுரையே இல்ல. பொருள் டூப்ளிகேட்டா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். புது அக்ரிலிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போய் இது சீராக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகும் இப்படியே இருந்தால் சம்ப்பின் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் ஸ்கிம்மர் நிற்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். உங்கள் ஊர் வெயிலுக்குத் தினமும் தண்ணீர் ஆவியாகும், மட்டம் முதலில் இறங்குவது சம்ப்பில்தான். இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே நுரை மாறிவிடும். சம்ப்புக்குள் தடுப்புக் கண்ணாடி வைத்து, மட்டம் மாறாத தடுப்பில் ஸ்கிம்மரை நிறுத்துங்கள். மிதவை வைத்த தானியங்கி டாப்-அப் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. நிரப்புவது போர் தண்ணீராக இருக்கக் கூடாது, ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். அதில் உப்பு கலக்க வேண்டாம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது.

எண்ணெய், க்ரீம் பூசிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் நுரை சில மணி நேரம் அடங்கிவிடும். குளோரின் எடுக்க ஊற்றும் சில மருந்துகளால் பொங்கும். இதெல்லாம் பொருளின் குறை அல்ல.

கேள்வி (பெருந்துறை): ஆன்லைன்ல இறக்குமதி ஸ்கிம்மர் வாங்கினேன். கன்வெர்ட்டர் போட்டு ஓட்டச் சொன்னாங்க. பம்ப் உறுமுது, குமிழி வரல. 'எலக்ட்ரிகல் பொருளுக்கு ரிட்டர்ன் இல்ல'ங்கிறாங்க. பணம் போச்சா?

பதில்: பம்பின் மேல் ஒட்டியுள்ள சின்ன லேபிளைப் படியுங்கள். 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கோளாறு அங்கேதான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கன்வெர்ட்டர் என்று விற்கிற டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்ற வேண்டிய பம்ப் 3000 தான் சுற்றும். இழுக்கும் காற்று குறைந்தால் நுரை எங்கே வரும்? அடாப்டரோடு வரும் டிசி பம்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் போதும்.

பணம் போகவில்லை, ஆனால் ஒன்றைப் பொறுத்தது. விற்பனைப் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனம். அதைச் சொல்லாமல் 'இந்தியாவில் ஓடும்' என்று விற்றிருந்தால் உங்கள் பக்கம் பலம். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பில், லேபிள் போட்டோ, பம்ப் உறுமும் வீடியோ மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையா, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்று சோம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): கரண்ட் போயி வந்தா கப் பொங்கித் தரையெல்லாம் தண்ணி. என்ன பண்றது? கரண்ட் பில்லும் ஏறுமா?

பதில்: சம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் டேங்க் தண்ணீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயரும். கரண்ட் வந்தவுடன் அந்த உயர்ந்த மட்டத்தில் ஸ்கிம்மர் ஓடுவதால்தான் பொங்குகிறது. ரிட்டர்ன் பம்ப் ஓடிச் சில நிமிடம் கழித்து ஸ்கிம்மர் ஓடும்படி டைம்-டிலே பிளக் மாட்டுங்கள். கப்பின் அடியில் வடிகுழாய் இருந்தால் ஒரு மூடிய கேனுக்கு விடுங்கள். பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 15 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட்தான்.

கேள்வி (சேலம்): எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவணும்?

பதில்: கப்பையும் கழுத்தையும் இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை. கழுத்தின் உட்புறம் பழுப்புப் பிசின் படிந்தாலே நுரை ஏறுவது குறையும். சோப்பு கூடாது, தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். காற்றுக் குழாயின் முனையில் வெள்ளை உப்பு அடைத்துக்கொள்ளும், வெந்நீர் விட்டால் கரையும். சில மாதத்துக்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே சுழலும் இம்பெல்லரின் ஊசிகளில் படிந்த சுண்ணாம்பைப் போக்குங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு ஸ்கிம்மர் போடலாமுங்களா?

பதில்: வேண்டாம். உப்பில்லாத தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும், நுரை நிற்காது. அந்தக் காசுக்கு நல்ல கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள்.