அனிமேஷனா, கணினி அறிவியலா? காவேரிப்பட்டினத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் கணிதத்தோடு கணினி அறிவியலும் படித்த தங்கள் மகள், மென்பொருளுக்குள் அனிமேஷனைப் பொருத்தும் வேலைக்குப் போக விரும்புவதாகவும், அதற்காகப் பெங்களூரில் ஒரு தனியார் பயிற்சி மையம் முன்பணம் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முன்பணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அதே சமயம், அவருடைய விருப்பத்தைப் பொம்மை வரையும் ஆசை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

அந்த வேலை என்னவென்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கைப்பேசியில் பணம் அனுப்பியதும் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி சுழன்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அசையும் அந்தச் சரிக்குறியை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒருவர் உருவாக்குகிறார். அந்த மென்பொருளோடு இணையும் பாடிமூவின் என்ற ப்ளக்-இன் (துணை நிரல்) அதை ஜேசன் எனப்படும் எழுத்துக் கோப்பாக மாற்றித் தருகிறது. செயலியை எழுதுபவர், ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளில், செயலிக்கு வேண்டியவற்றைக் குறிக்கும் கிரேடில் கோப்பில், இத்தகைய அனிமேஷனைத் திரையில் ஓட்டும் லாட்டி என்ற ஆயத்த நிரல் தொகுப்பை (நூலகத்தை) ஒரு வரியில் சேர்த்து, ஜேசன் கோப்பை உரிய கோப்புறையில் போட்டு, திரையில் அது எங்கே, எப்போது ஓட வேண்டும் என்று நிரலில் சொல்கிறார். கோப்பில் இருப்பது பெரும்பாலும் படங்கள் அல்ல, எந்தக் கோடு எந்த நொடியில் எங்கே நகர வேண்டும் என்ற குறிப்புகளே என்பதால், அதன் அளவு வீடியோவைவிடப் பொதுவாக மிகச் சிறியதாக இருக்கும்.

சிக்கல் வருவது இதற்குப் பிறகுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ள எல்லா வசதிகளையும் லாட்டி ஏற்பதில்லை. வரைந்தவரின் கணினியில் அழகாக மின்னிய ஒளி கைப்பேசித் திரையில் காணாமல் போய்விடலாம். வரைந்தவர் நிரலைக் குறை சொல்வார், நிரலாளர் படத்தைக் குறை சொல்வார். இரண்டையும் பிரித்துப் பார்த்துப் பிழை எங்கே என்று சொல்லக்கூடியவரைத்தான் நிறுவனம் தேடும். எனவே தங்கள் மகள் வரைகலையை மட்டுமோ நிரலை மட்டுமோ கற்றால், விரும்பிய வேலையின் பாதி தூரத்திலேயே நின்றுவிடுவார்.

குறிப்பிட்ட ஒரு கருவியை மட்டும் சொல்லித்தரும் குறுகிய காலப் பயிற்சியை நான் தயக்கத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 என்ற நிரலாக்க மென்பொருளில், ஃபிளாஷ் அனிமேஷனை ஓட்டும் ஷாக்வேவ் ஃபிளாஷ் என்ற ஆயத்த உறுப்பை (ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோலை) கருவிப்பெட்டியில் சேர்த்து, படிவத்தின் மேல் இழுத்து வைத்து, அனிமேஷன் கோப்பு இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும், படம் ஓடும். அந்த வித்தையை நம்பி, பாடம் சொல்லித்தரும் மென்பொருள் செய்து பிழைத்தவர்கள் ஏராளம். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்தக் கோப்புகளை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அதன் நிறுவனமான அடோபி நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் அதில் ஓடாமல் தடுக்கப்பட்டன. நிரலாக்கத்தின் அடிப்படை தெரிந்தவர்கள் இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5, கணினி விளையாட்டுகளை உருவாக்கும் யூனிட்டி என்று மாறிக்கொண்டார்கள். மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவர்களின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. லாட்டி வெளிவந்ததே 2017இல்தான். அதன் இடத்தையும் நாளை வேறொன்று பிடிக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை, கணினி அறிவியலில் முறையான பட்டப்படிப்பு. பர்கூரிலும் தருமபுரியை அடுத்த செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலந்தாய்வில் அவை கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் இளங்கலை படிப்பதிலும் குறைவொன்றும் இல்லை. அனிமேஷனைப் படிப்போடு சேர்த்தே வீட்டிலிருந்து பழகலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குச் சந்தா கட்ட வேண்டும். பிளெண்டர், சின்ஃபிக் என்ற அனிமேஷன் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், சின்ஃபிக்கிலிருந்து லாட்டி கோப்பும் எடுக்கலாம். மடிக்கணினி வாங்குவதானால் 16 ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நினைவகத்தை நிறையவே விழுங்கும்.

முதலாண்டிலேயே சிறிதாக ஒரு செயலியை அவர் செய்து பார்க்கட்டும். தங்கள் மாங்காய் மண்டிக்கு வரும் லோடுகளைப் பதிவு செய்யும் செயலியாகவே அது இருக்கலாம்: எடையைப் பதிந்ததும் தராசு அசைந்து நிற்க வேண்டும், இணையம் இல்லாத இடத்திலும் அது ஓட வேண்டும், விலை குறைந்த கைப்பேசியிலும் திக்கக் கூடாது. ஓசூரிலோ பெங்களூரிலோ நேர்காணலுக்குப் போகும்போது, சான்றிதழைவிட இப்படி இயங்கும் ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுவது எடுபடும்.

அந்தப் பயிற்சி மையத்தை முழுவதும் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே படித்தவர்கள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். வீடியோவாக மட்டும் காட்டினால் அது திரைப்பட, விளம்பரத் துறைக்கான பயிற்சி. தங்கள் மகள் கேட்கும் வேலைக்கு அது போதாது. கைப்பேசியில் நிறுவி இயக்கக்கூடிய செயலியைக் காட்டினால், கோடை விடுமுறையில் சேர்ப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

செலவைப் பற்றிய தங்கள் கவலைக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தில் இவர்தான் முதல் பட்டதாரி என்றால், அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது தேவைப்படும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் பெற வழி உண்டு. அதற்குரிய படிப்புச் சான்றைத் தலைமையாசிரியரிடம் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.