திரையில் ஒரு வரிசை, ஃபைலில் ஒரு வரிசை

மாட்டுத்தாவணிப் பூக்கடைக்கு சி-யில் பில் புரோகிராம் எழுதியவர்: திரையில் பில் வரிகளும் பிழைச் செய்திகளும் ஒழுங்காக வருகின்றன. ஒரே ஃபைலுக்குத் திருப்பினால் பிழைகள் எல்லாம் மேலே ஏறிக்கொள்கின்றன. ஏன்?

வழக்கமான வெளியீடு போகும் எஸ்டிடி-அவுட் (stdout) திரைக்குப் போனால் வரிக்கு வரி வெளியேறும். ஃபைலுக்கோ பைப்புக்கோ போனால் நாலாயிரம், எட்டாயிரம் பைட் சேர்ந்த பிறகுதான். பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடி-எர் (stderr) எதற்கும் காத்திருக்காது. 'மல்லிகை 2 கிலோ' பஃபரில், அதாவது வெளியேறும் வரை காத்திருக்கும் நினைவிடத்தில், கிடக்கும்போதே 'விலை இல்லை' ஃபைலுக்குப் போய்விடுகிறது. பிழையை எழுதும் முன், பஃபரைக் காலி செய்யும் எஃப்-ஃபிளஷ் (fflush) ஒன்று போடுங்கள். எல்லா வரிக்கும் வேண்டாம்.

திருமங்கலம் மாணவி: சி++-இல் வரியை முடிக்க எண்டெல் (endl) நல்லதா, பேக்ஸ்லாஷ் என்னா (\n)?

பேக்ஸ்லாஷ் என். எண்டெல் ஒவ்வொரு முறையும் ஃபிளஷ் செய்யும். லட்சம் வரிக்கு லட்சம் சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்துக்கு அழைப்பு.

திருப்பரங்குன்றம் மாணவர்: சி++-இல் சிங்க்-வித்-எஸ்டிடிஐஓ-வை (sync_with_stdio) ஃபால்ஸ் ஆக்கினேன். வேகம் கூடியது, ஆனால் விடைகள் இடம் மாறுகின்றன.

நடுவில் சி-யின் பிரிண்ட்-எஃப்பும் (printf) எழுதியிருப்பீர்கள். கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே! சிங்க் வரி இல்லாதவரை சி++-இன் சி-அவுட்டும் (cout) பிரிண்ட்-எஃப்பும் நீங்கள் எழுதிய வரிசையிலேயே வெளிவரும். ஃபால்ஸ் ஆக்கினால் ஆளுக்கொரு பஃபர். எது முதலில் காலியாகிறதோ அது முந்தும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிங்க் வரியையும் முதல் உள்ளீடு, வெளியீட்டுக்கு முன்பே போட வேண்டும்.

சீனியர் கொடுத்த டெம்ப்ளேட் என்று இதை எல்லா புரோகிராமிலும் ஒட்டுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. போட்டியில் லட்சக்கணக்கான எண்களை வாசிக்கத்தான் இது. ஐந்து எண் வாசிக்கும் லேப் பயிற்சிக்கு எதற்கு? கூடவே, சி-இன் (cin) வாசிக்கும் முன் சி-அவுட்டை ஃபிளஷ் செய்யும் 'டை' இணைப்பையும் அவிழ்க்கிறார்கள். அப்புறம் 'வயது?' என்ற கேள்வி, பயனர் பதிலைத் தட்டிய பிறகு திரைக்கு வருகிறது. முதலில் வரிசை சரியாகட்டும். வேகத்தை அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இலந்தைக்குளம் ஐ.டி. ஊழியர்: பைதான் சர்வீஸின் லாக் தாமதமாக வருகிறது.

பைதானை, பஃபரில் காக்கவைக்காத மைனஸ் யு-வோடு (-u) ஓட்டுங்கள். லாக் மிக அதிகம் என்றால் முக்கியமான பிரிண்டுகளில் மட்டும் ஃபிளஷ் ட்ரூ (flush=True).

மேலூர் வாசகர்: ஃபோர்க் செய்தால் (ஓடும் புரோகிராமை நகலெடுத்தால்) ஒரே வரி ஃபைலில் இரண்டு முறை வருகிறது.

நிரம்பாத பஃபரும் சேர்ந்து நகலாகிறது. ஃபோர்க்குக்கு முன் ஃபிளஷ். சொன்னேனே, எல்லா வரிக்கும் அல்ல.

'அவுட்புட் தப்பா வருது' என்று மட்டும் எழுதியவருக்கு:

எந்த மொழி, திரையா ஃபைலா, எத்தனை திரெட் (இணையாக ஓடும் பகுதிகள்)? எழுதாமல் என்ன சொல்வது?

உசிலம்பட்டி வாசகர்: செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து புரோகிராம் நடுவில் நின்றுவிடுகிறது. லாக்கில் கடைசியாக உள்ள வரியில் தவறே இல்லை.

பஃபரில் இருந்தது புரோகிராமோடு போச்சு. அந்த வரியைத் தாண்டி இன்னும் நூறு வரி ஓடியிருக்கலாம். பிழை தேடும் வரை செய்திகளை எஸ்டிடி-எருக்கு அனுப்புங்கள்.