டீசல் எஞ்சினுக்கு ஏன் இத்தனை வடிவங்கள்? கேள்வி பதில்

கேள்வி: ஆறு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்தால் எஞ்சினின் நீளம் குறையுமே, கனரக லாரிகளில் ஏன் பெரும்பாலும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள்?

பதில்: முதற்காரணம் அதிர்வு. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டோடு அதை இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் மேல்முனையில் திரும்பும்போது எழும் விசை கீழ்முனையில் எழுவதைவிடப் பெரிது. நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினில் இந்த வேறுபாடு ஈடாகாமல் ஒன்றுகூடி, கிராங்க் தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் எஞ்சினை இருமுறை உலுக்குகிறது. அதை அடக்க, இருமடங்கு வேகத்தில் சுழலும் சமநிலைத் தண்டுகளைச் சேர்ப்பதுண்டு. ஆறு சிலிண்டர் வரிசையிலோ, கிராங்க் தண்டில் ராடுகள் பொருந்தும் மடிப்புகள் 120 பாகை இடைவெளியில் இருப்பதால், அந்த விசைகளும் அவற்றால் வரும் முன்பின் ஆட்டமும் தாமாகவே ஈடாகிவிடுகின்றன. ‘வி’ ஆறில் அந்த ஆட்டம் மிஞ்சும். நீளத்துக்கு இடமிருக்கும் வண்டியில் அதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

கேள்வி: பிஸ்டனின் இரண்டே ஓட்டங்களில் ஒரு சுழற்சியை முடிக்கும் இரண்டு வீச்சு எஞ்சின் எரிபொருளை வீணாக்கும் என்றே படித்திருக்கிறேன். பெருங்கப்பல்கள் அதையே நம்புவது எப்படி?

பதில்: நீங்கள் படித்தது பழைய பெட்ரோல் எஞ்சினுக்குப் பொருந்தும்; அங்கே புகையை வெளியே தள்ளும் புதுக் காற்றோடு பெட்ரோலும் சேர்ந்து தப்பிவிடும். டீசலில் அந்த வேலையைச் செய்வது வெறும் காற்று. எரிபொருள் பீய்ச்சப்படுவதோ வெளியேறும் வழி அடைபட்ட பிறகுதான். 14 சிலிண்டர் கொண்ட வார்ட்சிலா ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி என்ற கப்பல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 960 மி.மீ., வீச்சு, அதாவது பிஸ்டன் ஒருமுறை ஓடும் தூரம், 2,500 மி.மீ.; அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 102 முறைதான் சுழல்கிறது. மெதுவாகச் சுழல்வதால் பற்சக்கரப் பெட்டியின்றி நேரே சுழல்விசிறியோடு இணைக்கலாம்; பின்னோக்கிச் செல்ல எஞ்சினையே எதிர்த்திசையில் ஓட்டலாம். இத்தகைய எஞ்சின்கள் எரிபொருளின் வெப்ப ஆற்றலில் ஏறக்குறைய பாதியை வேலையாக மாற்றுகின்றன. 1897-இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் எட்டிய 26 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: சிலிண்டருக்கு முன்னே ஒரு சிற்றறையில், அதாவது முன்னறையில், எரிபொருளைப் பீய்ச்சி எரிப்பைத் தொடங்கும் எஞ்சின்கள் ஏன் மறைந்தன?

பதில்: அவை ஓசை குறைந்தவை, ஆனால் முன்னறையின் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதனால் குளிரில் கிளம்ப முன்கூட்டியே சூடேற்றும் க்ளோ பிளக் தேவைப்பட்டது, எரிபொருளும் கூடுதலாகச் செலவானது. உயரழுத்த எரிபொருளை ஒரு பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டர்களுக்கும் தரும் காமன் ரெயில் முறை, ஒரே சுழற்சியில் பலமுறை பீய்ச்சி, முன்னறையின்றி சிலிண்டரிலேயே நேரடியாக நிகழும் எரிப்பின் ஓசையைத் தணித்தபின், முன்னறைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கேள்வி: சிலிண்டரின் மேல்முனையை மூடும் சிலிண்டர் ஹெட்டே இல்லாத டீசல் எஞ்சின் உண்டா?

பதில்: உண்டு. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து நெருங்கும். இடையில் எரிப்பு நிகழும். 1930-களில் விமானங்களில் பறந்த யுங்கர்ஸ் ஜூமோ 205 இவ்வகை. நேப்பியர் டெல்டிக் என்ற எஞ்சினில் சிலிண்டர்களை முக்கோணமாக அடுக்கி, மூன்று மூலைகளிலும் கிராங்க் தண்டுகளை வைத்தார்கள்: 18 சிலிண்டர்கள், 36 பிஸ்டன்கள். மூன்றில் ஒரு தண்டு மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் சுழன்றால்தான் பிஸ்டன்கள் நெருங்கும் நேரக் கணக்கு நேராகும். எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் அதுவே. ஆயினும் அதைப் பழுது பார்க்கும் பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைத்துவிட வேண்டாம்.