பணத்தை எண்ணலாம், 'மணி'யை எண்ண முடியாது

கேள்வி: பணத்தைக் கையில் வைத்து எண்ணத்தானே செய்கிறோம்? பிறகு ஏன் ஆங்கில இலக்கணம் அதை 'எண்ண முடியாத பெயர்ச்சொல்' என்கிறது? ஒரு கூட்டத்தில் 'ஹவ் மெனி மணி' என்று கேட்டுவிட்டேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மெனி, மச், ஃபியூ, லிட்டில், லெஸ் இவற்றில் எதை எங்கே போடுவது என்று ஒரு வரியில் சொல்லுங்களேன்.

பதில்: ஒரு வரியில் அடங்காது. கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். முதலில் அந்தச் சிரிப்பு. உங்கள் கேள்வியில் என்னை உறுத்திய சொல் அதுதான்.

நீங்கள் கேட்டது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் சிரித்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு 'அந்த இடத்தில் ஹவ் மச் வரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு பேர் நடுவில் சிரித்ததால் ஒருவருக்கு இலக்கணம் வந்ததாக நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொள்ளத்தான் அது கற்றுக்கொடுக்கும்.

இதை எழுதும்போதெல்லாம் 'அப்படியானால் பிழையோடு பேசலாம் என்கிறீர்களா?' என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இல்லை. பிழையைத் திருத்துங்கள், ஆளைச் சிறுமைப்படுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகினால் சிரிக்கிற இதே ஆட்கள் தமிழில் 'ஒவ்வொரு மாணவர்களும் வந்தார்கள்' என்று எழுதுகிறார்கள். 'ஒவ்வொரு' வந்துவிட்டால் அடுத்து ஒருமைதான் வர வேண்டும்: ஒவ்வொரு மாணவரும். ஆங்கிலத்திலும் அதே கணக்கு. 'எவ்ரி', 'ஈச்' இரண்டுக்கும் பின்னால் 'ஸ்டூடன்ட்' என்ற ஒருமை. 'ஈச் ஆஃப் த' என்று வந்தால் மட்டும் 'ஸ்டூடன்ட்ஸ்', 'மாணவர்களில் ஒவ்வொருவரும்' என்று நாம் சொல்வதைப்போல. இந்தத் தமிழ்ப் பிழை அச்சில் தினமும் வருகிறது. அதற்கு யாரும் முகம் சுளிப்பதுகூடக் கிடையாது. எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

சிரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இரை 'லெஸ்'. 'குறைவான' என்று சொல்ல, எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்' என்பது அவர்கள் கையில் இருக்கும் விதி. இந்த விதிக்கு அவர்கள் நினைக்கிற அளவு வயதில்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலேய அரசர் ஆல்ஃபிரட் பெயரில் வழங்கும் மொழிபெயர்ப்பிலேயே, 'குறைவான சொற்களில்' என்று வரும் இடத்தில் 'லெஸ்' என்பதன் பழைய வடிவம் இருக்கிறது. சொற்கள் எண்ணக்கூடியவைதானே? 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கை வரும் இடத்தில் 'ஃபியூவர்' கூடுதல் அழகாகவும் சரியாகவும் தமக்குத் தோன்றுகிறது என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த ஒருவருடைய கருத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள். 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில், பத்துப் பொருளுக்குள் வாங்குகிறவர்களின் வரிசையில் இருந்த 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை பிழை என்று கண்டனம் கிளம்பியது. கடைசியில் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். சொந்தக்காரர்களே பலகை வைத்துச் சண்டை போடும் இடத்தில், அந்த மொழியை இரண்டாவதாகக் கற்றவர் தடுமாறினால் சிரிக்க என்ன இருக்கிறது?

இருந்தாலும், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்' என்றே எழுதுங்கள். படிக்கிறவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். தூரம், காலம், தொகை இவற்றுக்கு மட்டும் எண்ணோடு வந்தாலும் 'லெஸ் தேன்' போதும். ஐந்து மைல் என்பதை ஐந்து தனித்தனிப் பொருளாக யாரும் பார்ப்பதில்லை, ஒரே நீளமாகத்தான் பார்க்கிறோம்.

இப்போது பணத்துக்கு வருவோம். உங்கள் சந்தேகத்துக்கான விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது. 'எவ்வளவு பணம்?' என்றுதான் கேட்பீர்கள். 'எத்தனை பணம்?' என்று கேட்க மாட்டீர்கள். நோட்டு, நாணயம் என்றால் 'எத்தனை'. நீங்கள் கையில் வைத்து எண்ணுவது நோட்டைத்தான், பணத்தை அல்ல. 'எத்தனை' வரும் இடத்தில் மெனி, ஃபியூ. 'எவ்வளவு' வரும் இடத்தில் மச், லிட்டில். தண்ணீர், நேரம், மணல், பொறுமை, வெளிச்சம் எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தப்பாது. ஆங்கில வகுப்பில் பலகை நிறைய அட்டவணை போடுகிறார்கள். இந்த இரண்டு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடியும். வகுப்பில் தமிழ்ச் சொல்லே காதில் விழக் கூடாது என்ற பிடிவாதத்தால் நாம் இழப்பது இதைத்தான். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது அலுக்காது.

பிறகு ஏன் 'ஹவ் மெனி' வந்தது? தமிழில் 'நிறைய', 'கொஞ்சம்' இரண்டும் வித்தியாசம் பார்ப்பதில்லை. நிறைய ஆள், நிறைய தண்ணீர். கொஞ்சம் பேர், கொஞ்சம் வெளிச்சம். பேச்சில் அதிகம் புழங்குவது இவைதான். இந்தப் பழக்கத்தில் மெனி, மச் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன. ஆங்கிலத்திலும் அப்படி இரண்டுக்கும் பொதுவாக நிற்பவை உண்டு: 'எ லாட் ஆஃப்', 'சம்', 'எனி', 'பிளென்ட்டி ஆஃப்'. சந்தேகம் வந்தால் இவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'மச்' பெரும்பாலும் கேள்வியிலும் மறுப்பிலும்தான் இயல்பாக வரும். 'ஐ ஹேவ் மச் மணி' இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் பேச்சில் அப்படி யாரும் சொல்வதில்லை. 'எ லாட் ஆஃப் மணி' என்பார்கள்.

'எத்தனை' காலை வாரும் இடங்களும் உண்டு. எத்தனை செய்தி, எத்தனை அறிவுரை, எத்தனை தகவல் என்று தமிழில் தாராளமாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் நியூஸ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் மூன்றையும் எண்ணக் கூடாது. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட், ஹோம்வொர்க், எவிடென்ஸ், ரிசர்ச் எல்லாம் இதே கூட்டம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஆங்கில மின்னஞ்சல்களில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' இல்லாத நாளே கிடையாது. அங்கே 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்' அல்லது 'சம் இன்ஃபர்மேஷன்' என்று எழுத வேண்டும்.

காரணம் கேட்டால் பொருளில் காரணம் கிடைக்காது. பிரெஞ்சுக்காரர் தகவலுக்கும் ஃபர்னிச்சருக்கும் பன்மை போட்டு எண்ணுகிறார். அதே தகவல், அதே நாற்காலி. ஆங்கிலமே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் 'நியூஸ்' பன்மையாகவும் வழங்கியது. பட்டாணிக்கு முன்பு 'பீஸ்' என்ற சொல்தான் ஒருமை. கடைசியில் ஒலிப்பது பன்மை விகுதி என்று மக்கள் எடுத்துக்கொண்டு, 17ஆம் நூற்றாண்டில் 'பீ' என்று புதிய ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள்.

தமிழ் இந்த விஷயத்தில் தாராளமானது. 'பால்பகா அஃறிணைப் பெயர்கள் பாற்பொதுமைய' என்கிறது நன்னூல். மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன. ஒன்றா பலவா என்பதை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும், பெயரில் 'கள்' ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்போது ஆங்கிலத்தைப் பார்த்து 'பத்து நாள்' என்று சொல்லவே கூச்சப்பட்டு எல்லா இடத்திலும் 'கள்' போடுகிறார்கள். 'பத்து மரம்' என்று நான் எழுதினால் பிழைதிருத்துபவர் 'மரங்கள்' என்று மாற்றுகிறார். நான் மறுபடி 'மரம்' என்றே மாற்றுகிறேன். இந்தச் சண்டை ஓயாது, நானும் விடப்போவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'ஹவ் மெனி மணி'யைவிட அதிகச் சேதம் செய்வது இதுதான். 'ஃபியூ' வேறு, 'எ ஃபியூ' வேறு. 'லிட்டில்' வேறு, 'எ லிட்டில்' வேறு. வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார் என்று வையுங்கள். 'ஷீ ஹாஸ் எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் ஓரளவு அனுபவம் இருக்கிறது, கூப்பிட்டுப் பேசலாம். அந்த 'எ' விழுந்துவிட்டால் அனுபவம் கிட்டத்தட்ட இல்லை என்றே பொருள், கடிதம் குப்பைக்குப் போகும். பிழையைப் பற்றிப் பேசும்போது கதை தலைகீழ். 'ஷீ மேட் ஃபியூ மிஸ்டேக்ஸ்' பாராட்டு. 'எ ஃபியூ மிஸ்டேக்ஸ்' என்றால் பிழை செய்திருக்கிறாள் என்று குறை சொல்வது. நல்லது செய்ய நினைத்து எழுதுகிறவர், ஒற்றை எழுத்தால் ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிடலாம்.

இதற்கும் தமிழில் வழி இருக்கிறது. 'சிலர் வந்தார்கள்', 'சிலரே வந்தார்கள்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது 'எ ஃபியூ', வந்திருக்கிறார்களே என்ற நிறைவு. இரண்டாவது 'ஃபியூ', இவ்வளவுதானா என்ற குறை. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருளில் பிரிநிலையும், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும், ஒன்று. 'சிலரே' என்பதில் நிற்பது அந்த ஏகாரம்தான். பேச்சில் அந்த வேலையைத் 'தான்' செய்கிறது: கொஞ்சம் நேரம் இருக்கிறது, கொஞ்சம்தான் நேரம் இருக்கிறது. நாம் ஒன்றைச் சேர்த்து உண்டாக்கும் குறையை ஆங்கிலம் ஒன்றை எடுத்து உண்டாக்குகிறது. இது பிடிபட்டால் பிறகு மறக்காது. 'க்வைட் எ ஃபியூ' என்பதை மட்டும் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதற்குப் 'பல' என்று பொருள்.

பட்டியல் தேடி அலைய வேண்டாம். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஜப்பானிய மொழியிலும் பெயருக்குக் கட்டாயப் பன்மை கிடையாது. நமக்கு வரும் இதே குழப்பம் அவருடைய மாணவர்களுக்கும் வந்தது. அவர்களைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. இருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஓர் அகராதி செய்தார், 1942இல் டோக்கியோவில் அச்சானது. எண்ணக்கூடிய பெயருக்கு 'சி', எண்ண முடியாததற்கு 'யு' என்று அதில் குறி போட்டார். ஆக்ஸ்ஃபோர்டு 1948இல் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று மொழி கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகள் பலவற்றில் அந்தக் குறி இருக்கும். பெயர்ச்சொல் ஒன்றைப் புதிதாகக் கற்கும்போது அர்த்தத்தோடு குறியையும் சேர்த்துப் படியுங்கள். சில சொல்லுக்கு இரண்டு குறியும் இருக்கும். 'எக்ஸ்பீரியன்ஸ்' தொழில் பட்டறிவு என்றால் யு, நமக்கு நேர்ந்த சம்பவம் என்றால் சி. 'பேப்பர்' காகிதம் என்றால் யு, செய்தித்தாள் என்றால் சி. அங்கே குறியைப் பார்த்ததோடு நிற்காமல், கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.