கேஷுவால்டியில் பரிவான தலைமை எப்படி இருக்கும்?

மும்பையில் கேஷுவால்டி சிஸ்டர் இன்சார்ஜாகப் பொறுப்பேற்கப் போகிறீர்கள். பரிவு காட்டினால் வேலை கெட்டுவிடாதா என்று கேட்கிறீர்கள்.

கெடாது. பிரிட்டனில் இதை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், பரிவான தலைமையை நான்கு செயல்களாகச் சொல்கிறார்: கவனிப்பது, புரிந்துகொள்வது, கூட வேலை செய்பவர்களின் வலியை உணர்வது, உதவுவது. என்னைக் கேட்டால், அந்தக் கடைசி ஒன்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு குழந்தை பிழைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த இளம் நர்ஸ் கையுறையைக் கழற்றுவதற்குள் அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். அங்கே "தைரியமா இரும்மா" போதாது. "நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா, இந்த பெட்டை நான் பார்க்கிறேன்" என்று நீங்களே கையுறை மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிவதற்குள் எல்லோரையும் கொஞ்ச நேரம் கூட்டிப் பேசவிடுங்கள். யார் தப்பு என்ற விசாரணை அப்போது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ட்ரையாஜில், அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரிக்கும் இடத்தில், அவசரம் குறைவு என்று காட்டும் பச்சை அட்டையோடு காத்திருப்பவர்களின் உறவினர்கள் கத்துவார்கள். தாராவியிலிருந்து வரும் நம் ஜனங்களில் வயதானவர்களுக்கு இந்தியோ மராத்தியோ சரியாகப் புரியாது. யாருக்கு ஏன் முதலில் சிகிச்சை என்று தமிழில் சொன்னாலே பாதிக் கோபம் அடங்கும். அடங்காவிட்டால் ஜூனியரைத் தனியே விடாதீர்கள். நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள், செக்யூரிட்டியையும் கூப்பிடுங்கள்.