டாக்டரைக் கேளுங்கள்: அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப்பற்கள் இல்லை. செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் திருகும் இம்பிளான்ட் வைக்க எலும்பு போதாதாம். ஓர் ஆய்வில் சேர்ந்தால் எலும்பு வளர்வதற்காக ஒரு பக்கம் வழக்கமான எலும்புத்தூளும் மறுபக்கம் புதிதாக வந்த ஒன்றும் வைப்போம் என்கிறார்கள். அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஒரே வாயில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக வைப்பதில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சர்க்கரை அளவு, ஒரே வயது, பல் துலக்குவதும் ஒரே கை. ஒரு பக்கம் எலும்பு நன்றாக வளர்ந்து மறுபக்கம் வளராவிட்டால், வித்தியாசம் ஆளால் வந்தது என்று சொல்ல முடியாது.

எந்தப் பக்கம் எது என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. நான் பங்கெடுத்த ஆய்வுகளில், ஈறைத் திறந்த பிறகுதான், எந்தப் பக்கம் எது என்று எழுதி மூடிய உறையைப் பிரிப்போம். என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், எனக்குப் பிடித்த தூளை என்னையும் அறியாமல் சுலபமான பக்கத்தில் வைத்துவிடுவேன். அதேபோல ஸ்கேனை அளப்பவருக்கும் எந்தப் பக்கம் எது என்று தெரியக் கூடாது.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எலும்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூளின் துகள்களே வெள்ளையாகத்தான் தெரியும். ஒருமுறை, படத்தில் அருமையாக நிரம்பியிருந்த இடத்தில் துளை போட்டேன். நல்ல எலும்பு துளைப்பானை எதிர்த்து நிற்கும். இது ஈர மணல் போல உதிர்ந்து வந்தது. அதனால்தான் நல்ல ஆய்வுகளில், சில மாதம் கழித்து இம்பிளான்டுக்குத் துளை போடும்போது, வெட்டி எறிய வேண்டிய அந்த எலும்பையே பென்சில் முனை அளவு உருளையாக எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். புது எலும்பு எவ்வளவு, கரையாமல் கிடக்கும் துகள் எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும்.

சரி, கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்பது? நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, அந்தப் புதிய பொருளை இதற்கு முன் மனிதர்களுக்கு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒட்டாமல் போனால் மறு சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பது சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அப்பா எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் அவருடைய சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரியும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட, எத்தனை வருடம் கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஆய்வில் இருந்த பெரியவர் ஒருவர் இரண்டாம் ஆண்டோடு வருவதை நிறுத்திவிட்டார். நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஆறு வருடம் கழித்து வந்தார். வலி பெரிதாக இல்லை. ஈறை விரலால் அழுத்தினால் சீழ் வந்தது. படத்தில் இம்பிளான்ட் திருகின் நான்கு மரைகள் எலும்புக்கு வெளியே நின்றன. அதற்குள் அந்த ஆய்வின் கணக்கை முடித்துவிட்டோம். அதில் அவர் இல்லை. அன்றிலிருந்து வராதவர்களை நானே போனில் கூப்பிடுகிறேன். உங்கள் அப்பா சேர்ந்தால், வாய் நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: இம்பிளான்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் பல் மாட்டவில்லை. என் நண்பருக்கு அன்றைக்கே மாட்டினார்கள். என் மருத்துவர் இழுத்தடிக்கிறாரா?

பதில்: இல்லை. 1952-ல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் போனால், வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1965-ல் முதன்முதலாக யெஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் இம்பிளான்டுகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறையுள்ள அவர், 2006-ல் இறக்கும்வரை அவற்றோடுதான் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருப்பார்கள்.

முதல் நாள் இம்பிளான்ட் நிற்பது வெறும் திருகின் பிடிப்பில். அப்புறம் உடம்பு, துளை போட்டபோது நசுங்கிய எலும்பை முதலில் அரித்து எடுக்கிறது. புது எலும்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. இடைப்பட்ட மூன்று, நான்காவது வாரங்களில் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். அப்போது மெல்லுகிற வேகத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடினாலும், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். உங்கள் நண்பரின் எலும்பு கெட்டியாக இருந்திருக்கலாம், முதல் நாள் பிடிப்பு நன்றாகக் கிடைத்திருக்கலாம். உங்கள் எலும்பு வேறு.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறேன். பல் எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் மாத்திரையின் பெயரையும், எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்பதையும் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளில் சிலவற்றால், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியக்கூடும் என்பது 2003-லிருந்து எங்களுக்குத் தெரியும். புற்றுநோய்க்காக ஊசி வழியே அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம், மாத்திரையில் குறைவு. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. உதட்டுப் பிளவோடு பிறந்தாள், மேல் ஈறிலும் பிளவு இருக்கிறது. இப்போது இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். பெரியவள் ஆனபிறகு நேராக இம்பிளான்ட் வைத்துவிட்டால் என்ன?

பதில்: அம்மா, தள்ளிப்போடாதீர்கள். பிளவுக்குப் பக்கத்தில் அவளுடைய கோரைப்பல் இறங்கி வரக் காத்திருக்கிறது. அது வருவதற்குள் எலும்பு வைத்தால், பல் அந்தப் புது எலும்புக்குள்ளேயே இறங்கும். பல் இறங்கிய எலும்பு நிலைக்கும். அதனால்தான் வயதைவிட, கோரைப்பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்து நாள் குறிக்கிறோம். வளரும் பிள்ளைக்கு இம்பிளான்ட் வைப்பதில்லை. தாடை வளர்ந்து பக்கத்துப் பற்கள் கீழே இறங்க, எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

இடுப்பெலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியைத்தான் எடுப்பார்கள். சில நாள் நொண்டி நடப்பாள். வாயைவிட இடுப்புதான் முதலில் அதிகம் வலிக்கும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாயில் ஆபரேஷன் செய்தும் இடுப்பு ஏன் வலிக்கிறது என்று குழந்தைகள் மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்.